ரெண்டு ஜங்ஷன், ஒரு சறுக்குமரம்: டிரான்சிஸ்டருக்கு பயாஸ் எதுக்கு?

(ஒலி எபிசோடிலிருந்து தொகுத்த எழுத்து வடிவம். பேச்சு நடையை பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஈசிஇ மூணாவது வருஷம். மினி ப்ராஜெக்ட்டுக்கு மைக் ப்ரீஆம்ப் ஒண்ணு கட்டியிருக்காங்க. ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், பேஸுக்கு ஒரு ரெசிஸ்டர், கலெக்டருக்கு ஒரு ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். ஹாஸ்டல் ரூம்ல அருமையா வேலை செஞ்சிருக்கு. ரிவ்யூவுக்கு முந்தின நாள் டிரான்சிஸ்டரோட கால் ஒண்ணு உடைஞ்சுருச்சு. வேற கடையில இன்னொரு பிசி 547 வாங்கி மாத்தியிருக்காங்க. குரல் கரகரன்னு நசுங்கி வருது. "அதே நம்பர், அதே சர்க்யூட், வயரிங்கை நாலு தடவை பார்த்துட்டேன், ரிவ்யூ நாளைக்கு. என்னதான் தப்பு?"

வயரிங் தப்பு இல்ல. பயாஸிங் தப்பு.

காலேஜ்ல இதை நாம ரெண்டு மார்க் கேள்வியாத்தான் சந்திச்சிருப்போம். எமிட்டர்-பேஸ் ஜங்ஷன் ஃபார்வர்ட் பயாஸ், கலெக்டர்-பேஸ் ஜங்ஷன் ரிவர்ஸ் பயாஸ். தமிழ் மீடியம்ல படிச்சவங்களுக்கு முன்னோக்குச் சார்பு, பின்னோக்குச் சார்பு. எழுதினா மார்க் வந்துரும். ஆனா அந்த வரியை ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிச்சா ஒரு இடம் இடிக்கும். ரிவர்ஸ் பயாஸ்னா டயோட்ல கரண்ட் போகாதுன்னு அதுக்கு முந்தின பாடத்துலதான் படிச்சோம். அப்போ ரிவர்ஸ்ல இருக்கிற கலெக்டர் ஜங்ஷன் வழியா கரண்ட் எப்படிப் போகுது? அதுவும் டிரான்சிஸ்டர்ல ஓடுற கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் அந்த வழியாத்தான் போகுது. இதைத் தீர்த்துக்காம மேல போனா எல்லாமே மனப்பாடமாத்தான் இருக்கும். அதனால முதல்ல இது.

ரிவர்ஸ்ல எப்படி கரண்ட்?

பார்க்ல இருக்கிற சறுக்குமரத்தை நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் ஏறுற படி, மேல குறுகலா ஒரு மேடை, இன்னொரு பக்கம் வழவழன்னு சறுக்கு. என்பிஎன் டிரான்சிஸ்டரும் இதே அமைப்புதான். படி ஆரம்பிக்கிற தரை எமிட்டர். மேடை பேஸ். சறுக்கு முடியிற தரை கலெக்டர். குழந்தைங்கதான் எலக்ட்ரான். இங்க உயரம்னு நான் சொல்றது எலக்ட்ரானோட ஆற்றல். எலக்ட்ரான் நெகட்டிவ் சார்ஜ்ங்கிறதால, ஒரு இடத்தை பாசிட்டிவ் ஆக்கினா அந்த இடம் கீழ இறங்கும். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பேட்டரி இல்லாதப்போ ரெண்டு பக்கமும் மேடை எட்டாத உயரம். இப்போ பேஸை எமிட்டரை விட கொஞ்சம் பாசிட்டிவ் ஆக்குறோம். மேடை இறங்குது, படியோட உயரம் குறையுது. சிலிக்கான் டிரான்சிஸ்டர்ல இந்த வித்தியாசம் 0.6, 0.7 வோல்ட் பக்கம் வந்ததும் குழந்தைங்க தாராளமா ஏற ஆரம்பிப்பாங்க. இது ஃபார்வர்ட் பயாஸ். அடுத்து, கலெக்டரை பேஸை விட நிறையவே பாசிட்டிவ் ஆக்குறோம். அந்தப் பக்கத் தரை ஆழமா கீழ போகுது, சறுக்கு செங்குத்தா ஆகுது. இது ரிவர்ஸ் பயாஸ். கலெக்டர் தரையில நிக்கிற குழந்தையால இந்தச் சறுக்குல ஏறி மேல வர முடியாது. டயோட் பாடத்துல "கரண்ட் போகாது"ன்னு சொன்னது இவங்களைப் பத்தித்தான். ஆனா ஏற்கனவே மேடையில நிக்கிற குழந்தைக்கு அது தடையே இல்ல. ஒரு அடி எடுத்து வெச்சா போதும், சர்ருனு கீழ போயிரலாம்.

பாடப்புத்தக வார்த்தையில சொன்னா, ரிவர்ஸ் பயாஸ் தடுக்கிறது மெஜாரிட்டி கேரியர்களை. பி-டைப் பேஸுக்குள்ள வந்துட்ட எலக்ட்ரான் அங்க மைனாரிட்டி. மைனாரிட்டியை அந்த ஜங்ஷன்ல இருக்கிற மின்புலம் தானே இழுத்து அந்தப் பக்கம் போட்டுரும். தனி டயோட்ல அப்படி இழுக்கிறதுக்கு ஆளே கிடையாது, அதனால கரண்ட் இல்ல. டிரான்சிஸ்டர்ல எமிட்டர் ஆளை அனுப்பிக்கிட்டே இருக்கு.

இந்தப் படத்துல இருந்து சில விஷயம் தானா புரியும். நிமிஷத்துக்கு எத்தனை குழந்தை சறுக்குதுங்கிறதை முடிவு பண்றது சறுக்கோட ஆழம் இல்ல, படியோட உயரம். கலெக்டர் வோல்டேஜை 3ல இருந்து 6 ஆக்கினாலும் கரண்ட் பெருசா மாறாது. ஆனா பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல வெறும் 60 மில்லிவோல்ட் கூட்டினா கரண்ட் ஏறக்குறைய பத்து மடங்கு ஆயிரும். இந்த 60ஐ மறந்துராதீங்க, கொஞ்ச நேரத்துல இதுதான் நமக்கு வினையா வரப் போகுது.

அப்புறம் மேடை ஏன் குறுகலா இருக்கணும்னா, அகலமா இருந்தா பாதிப் பேர் அங்கேயே சுத்திக்கிட்டு தொலைஞ்சு போயிருவாங்க. மல்டிமீட்டரை டயோட் மோட்ல வெச்சுப் பார்த்தா டிரான்சிஸ்டர் முதுகோடு முதுகு ஒட்டின ரெண்டு டயோட் மாதிரிதான் தெரியும். அதுக்காக ரெண்டு டயோடை வாங்கி சால்டர் பண்ணினா டிரான்சிஸ்டர் ஆகாது. நடுவுல இருக்கிறது கம்பி, மெல்லிசான பேஸ் இல்ல. மேடையில தொலையிறவங்க கொஞ்சம், பேஸ்ல இருந்து எமிட்டர் பக்கம் எதிர்த்திசையில கசியிற சார்ஜ் கொஞ்சம், இந்த ரெண்டுக்கும் ஈடு கட்டுறதுதான் பேஸ் கரண்ட். 200 பங்கு சறுக்கிப் போறப்போ ஒரு பங்கு இப்படி வீணானா பீட்டா 200. டேட்டாஷீட்ல எச்எஃப்இன்னு போட்டிருப்பாங்க.

ஒரு சின்ன வரலாறு. 1947 டிசம்பர்ல பெல் லேப்ஸ்ல ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் ஜெர்மானியம் துண்டு மேல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தங்க முனையை அழுத்தி வெச்சு முதல் டிரான்சிஸ்டரைச் செஞ்சாங்க இல்லையா, அதுலயும் ஒரு முனை ஃபார்வர்ட், இன்னொண்ணு ரிவர்ஸ். பெயர் வெச்சது ஜான் பியர்ஸ். டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ்ங்கிற எண்ணத்துல இருந்து வந்த பெயர். ரெசிஸ்டன்ஸ் கம்மியா இருக்கிற ஃபார்வர்ட் பக்கத்துல நுழையிற கரண்ட், ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தியா இருக்கிற ரிவர்ஸ் பக்கத்துல வெளிய வருது. பெயருக்குள்ளேயே பயாஸிங் இருக்கு.

மத்த நிலைகளை வேகமா பார்த்துருவோம். ரெண்டு ஜங்ஷனும் ரிவர்ஸ்னா கட்ஆஃப், யாரும் ஏறல. ரெண்டும் ஃபார்வர்ட்னா சேச்சுரேஷன். சறுக்கு மட்டமாகி மேடையில கூட்டம் நெருக்கும், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவுல 0.2 வோல்ட் மாதிரிதான் மிச்சம் இருக்கும். ஆர்டுயினோல ரிலே ஓட்டுறவங்களுக்கு இந்த ரெண்டும்தான் வேணும், ஆஃப், ஆன். நாலாவது, டிரான்சிஸ்டரைத் தலைகீழா சொருகிட்டா வர்றது: சறுக்குல ஏறி படியில இறங்குறது. அது சுத்தமா வேலை செய்யாதுன்னு நினைக்காதீங்க, சோனியா வேலை செய்யும். அதனாலதான் கண்டுபிடிக்க கஷ்டம். பிசி 547ல தட்டையான முகம் உங்களைப் பார்த்து இருந்தா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் பிஎன் 2222ல அப்படியே உல்டா. இன்னொண்ணு, எமிட்டர் ஜங்ஷன் ரிவர்ஸ்ல தாங்குறது பிசி 547ல 6 வோல்ட்தான். கலெக்டர் பக்கம் 45 வோல்ட் தாங்குற அதே டிரான்சிஸ்டர்.

ஊஞ்சலை எங்க கட்டுறது?

ஆம்ப்ளிஃபையருக்கு ஆக்டிவ் நிலையில இருந்தா மட்டும் போதாது. ஆக்டிவ்ல எங்க இருக்குங்கிறதுதான் விஷயம். ஊஞ்சலைச் சுவரை ஒட்டிக் கட்டினா என்ன ஆகும்? முன்னாடி போகலாம், பின்னாடி வந்தா முதுகு சுவர்ல இடிக்கும். குரல் ஒரு அலை, மேலயும் கீழயும் போகும். 9 வோல்ட் சப்ளைல கலெக்டர் சும்மா இருக்கிறப்போ 4.5 வோல்ட் பக்கம் நின்னா ரெண்டு பக்கமும் ஆட இடம் இருக்கு. சிக்னல் வராதப்போ டிரான்சிஸ்டர் நிக்கிற இந்த இடத்துக்குத்தான் ஆபரேட்டிங் பாயிண்ட், க்யூ பாயிண்ட்னு பெயர். பயாஸ் பண்றதுன்னா ஊஞ்சல் தொங்குற இடத்தைக் குறிக்கிறது.

இப்போ நம்ம நேயரோட சர்க்யூட். பேட்டரியோட பாசிட்டிவ்ல இருந்து பேஸுக்கு 1.6 மெகாஓம், கலெக்டருக்கு 4.7 கிலோஓம், எமிட்டர் நேரா கிரவுண்டுக்கு. பேஸ்ல 0.65 வோல்ட் போக மிச்சம் 8.35 வோல்ட், அதை 1.6 மெகாஓமால வகுத்தா பேஸ் கரண்ட் 5.2 மைக்ரோஆம்பியர். பீட்டா 200னா கலெக்டர் கரண்ட் 1.04 மில்லிஆம்பியர், 4.7 கிலோஓம்ல 4.9 வோல்ட் விழும், கலெக்டர் 4.1 வோல்ட்ல நிக்கும். பிரமாதம், நடுவுல இருக்கு.

ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "பிசி 547 குடுங்க"ன்னு மட்டும் கேட்டா எது வரும்? ஏ, பி, சின்னு மூணு ரகம் இருக்கு. ஏன்னா பீட்டா 110ல இருந்து 220. பின்னா 200ல இருந்து 450. சின்னா 420ல இருந்து 800. மூணு மேலயும் பெருசா 547ன்னுதான் போட்டிருக்கும், கடைசி எழுத்தை யாரும் பார்க்கிறதில்ல. புதுசா வந்தது சி ரகம்னு வெச்சுக்கோங்க. குறைஞ்சபட்சம் 420. அதே 5.2 மைக்ரோஆம்பியருக்கு 2.2 மில்லிஆம்பியர் ஓடணும். 4.7 கிலோஓம்ல 10 வோல்ட்டுக்கு மேல விழணும். பேட்டரியே 9 வோல்ட்தான்! அதனால கலெக்டர் தரையில போய் ஒட்டிக்கும், சேச்சுரேஷன். குரலோட ஒரு பாதி வெட்டுப்பட்டு மறுபாதி மட்டும் வெளிய வரும். அந்தக் கரகரப்பு அதுதான்.

என் கருத்து, இந்த சர்க்யூட்டை ஆம்ப்ளிஃபையர்னு சொல்லிக் கொடுக்கிறதையே நிறுத்தணும். கணக்கு சுலபம்ங்கிற ஒரே காரணத்துக்காகத்தான் இது பாடத்துல முதல்ல வருது. பீட்டாவை நம்பிக் கட்டுற சர்க்யூட், ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் தனித்தனியா தையல் போட வேண்டிய சட்டை மாதிரி.

சரி, பேஸ் கரண்டை நிலையா வைக்கிறதுக்கு பதிலா பேஸ் வோல்டேஜை நிலையா வெச்சா? சரியா 0.65 வோல்ட் குடுத்துட்டா பீட்டா எதுவா இருந்தா என்னன்னு தோணும். இங்கதான் அந்த 60 மில்லிவோல்ட் வருது. டிரான்சிஸ்டர் ஒரு டிகிரி செல்சியஸ் சூடானா, அதே கரண்டுக்குத் தேவைப்படுற பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். வெயில்ல குழந்தைங்களுக்குத் துள்ளல் ஜாஸ்தின்னு வெச்சுக்கோங்களேன், அதே படியை சுலபமா தாவுறாங்க. 20 டிகிரி ஏறினா 40 மில்லிவோல்ட். நீங்க வோல்டேஜை மாத்தாம பிடிச்சு வெச்சிருந்தா கரண்ட் நாலு மடங்குக்கு மேல போயிரும். காலையில கேட்ட ஆம்ப் மத்தியானம் கேட்காது.

ஒரு கிலோஓம் செய்யிற வேலை

தீர்வு ரொம்ப எளிமை. எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர். பேஸுக்கு ஒண்ணுக்கு பதிலா ரெண்டு ரெசிஸ்டர் வெச்சு ஒரு வோல்டேஜ் டிவைடர். நம்பரோட சொல்றேன், எழுதிக்கோங்க. சப்ளைல இருந்து பேஸுக்கு 82 கிலோஓம், பேஸ்ல இருந்து கிரவுண்டுக்கு 22 கிலோஓம், எமிட்டர்ல 1 கிலோஓம், கலெக்டர்ல 3.9 கிலோஓம். எல்லாம் எந்தக் கடையிலயும் கிடைக்கிற மதிப்பு.

டிவைடர் வழியா 80 மைக்ரோஆம்பியருக்கு மேல ஓடுது, பேஸ் அதுல இருந்து எடுத்துக்கிறது அஞ்சாறு மைக்ரோஆம்பியர். அதனால பேஸ் 1.8 வோல்ட் பக்கம் அசையாம நிக்கும். அதுல 0.65 போக எமிட்டர்ல 1.15 வோல்ட். 1 கிலோஓம் வழியா 1.15 மில்லிஆம்பியர். கணக்கு முடிஞ்சுது. கவனிச்சீங்களா, பீட்டா எங்கேயும் பெருசா வரல.

ஏதோ காரணத்தால கரண்ட் கூடப் பார்த்தா என்ன ஆகும்? எமிட்டர் ரெசிஸ்டர்ல விழுற வோல்டேஜ் கூடும், எமிட்டர் மேல ஏறும். பேஸ் இருந்த இடத்துலயே இருக்கு. அப்போ ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் குறையுது, படி உயரமாகுது, ஏறுறவங்க குறையுறாங்க. தன்னோட கரண்டை தானே அடக்கிக்குது. நெகட்டிவ் ஃபீட்பேக்.

எவ்வளவு நல்லா அடக்குதுன்னு பாருங்க. இதே சர்க்யூட்ல பீட்டா 110 இருக்கிற டிரான்சிஸ்டர் போட்டா 1.07 மில்லிஆம்பியர். 800 இருக்கிறதைப் போட்டா 1.23. பீட்டா ஏழு மடங்கு மாறியும் கலெக்டர் 4.8 வோல்ட்ல இருந்து 4.2 வோல்ட்டுக்குள்ளதான் நிக்குது. 20 டிகிரி சூட்டுக்கு வந்த அந்த 40 மில்லிவோல்ட்? 1 கிலோஓம்ல அது 0.04 மில்லிஆம்பியர். நாலு மடங்கு ஆன இடத்துல இப்போ நாலு சதவீதம் கூட இல்ல.

சும்மா கிடைக்குமா? கெயின் போகும். ரெசிஸ்டருக்கு சிக்னல் எது, சூடு எதுன்னு தெரியாது, ரெண்டையும் அடக்கும். கெயின் 3.9 கிலோஓமை 1 கிலோஓமால வகுத்த மதிப்பு, அதாவது நாலுக்கும் கீழ. அதுக்குத்தான் எமிட்டர் ரெசிஸ்டருக்கு இணையா ஒரு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சூட்டால வர்ற மாற்றம் மெதுவா வரும், கெப்பாசிட்டர் அதைக் கண்டுக்காது. குரல் வேகமா ஆடும், அது கெப்பாசிட்டர் வழியா ரெசிஸ்டரைச் சுத்திக்கிட்டு போயிரும். கெயின் 170 பக்கம் வந்துரும்.

எண்ணெய்ல முங்கின பாட்டு

சூடு சூடுன்னு இவ்வளவு பேசுறதுக்குக் காரணம் இருக்கு. ஆரம்ப கால டிரான்சிஸ்டரெல்லாம் ஜெர்மானியம். ஜெர்மானியத்துல ரிவர்ஸ் ஜங்ஷன் சறுக்கு நல்லா கசியும். அந்தக் கசிவு சுமார் 10 டிகிரிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். கசியிற கரண்ட் பேஸுக்குள்ள வந்து பேஸ் கரண்ட் மாதிரியே நடிக்கும், பீட்டா மடங்கு பெருகும், டிரான்சிஸ்டர் இன்னும் சூடாகும், இன்னும் கசியும். தெர்மல் ரன்அவே. எவ்வளவு நல்லா பயாஸ் பண்ணினாலும் ஒரு சூட்டுக்கு மேல காப்பாத்த முடியாது.

1954 மே 10, அமெரிக்காவுல ஓஹியோ மாநிலம் டேட்டன் நகரத்துல ஒரு மாநாடு. சிலிக்கான் டிரான்சிஸ்டர் வர இன்னும் வருஷக்கணக்காகும்னு மத்தவங்க பேசி முடிச்ச பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட கார்டன் டீல் எழுந்து, எங்ககிட்ட இப்பவே இருக்குன்னு சொன்னார். நம்புறதுக்காக ஒரு ரெக்கார்ட் பிளேயரை ஓட விட்டார். ஆம்ப்ளிஃபையர்ல இருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெய்ல முக்கினதும் பாட்டு நின்னு போச்சு. சிலிக்கானை மாட்டி அதே எண்ணெய்ல முக்கினார். பாட்டு தொடர்ந்து ஓடுச்சு. டெமோன்னா இப்படி இருக்கணும்.

ஆனா ஜெர்மானியம் முழுசா போகல. கிடார் வாசிக்கிற நண்பர்கள் யாராவது இருந்தா ஃபஸ் ஃபேஸ்னு ஒரு பெடல் பத்திச் சொல்லுவாங்க. 1966ல லண்டன்ல வந்தது, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் காலடியில இருந்த பெடல். உள்ள ரெண்டே டிரான்சிஸ்டர், முதல்ல வந்ததெல்லாம் ஜெர்மானியம். வெயில்ல வாசிச்சா ஒரு சத்தம், குளிர்ல வாசிச்சா ஒரு சத்தம்னு இன்னைக்கு வரைக்கும் பேசுவாங்க. சில பெடல்கள்ல பயாஸ்னு ஒரு திருகையே வெளிய வெச்சிருப்பாங்க, நீங்களே ஊஞ்சலைச் சுவர் பக்கம் நகர்த்திக்கலாம். நம்ம நேயருக்கு ரிவ்யூல தலைவலியான அதே கரகரப்பை அவங்க காசு குடுத்து வாங்குறாங்க!

மல்டிமீட்டரை எடுங்க

ரிவ்யூக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணுதான். சிக்னல் குடுக்காம, கிரவுண்டை வெச்சு மூணு காலையும் அளந்து பாருங்க. நான் சொன்ன சர்க்யூட்ல எமிட்டர் 1.1, 1.2 வோல்ட், பேஸ் அதுக்கு 0.65 மேல, கலெக்டர் 4.5 பக்கம். கலெக்டர்ல முழு 9 வோல்ட் இருந்தா கரண்டே ஓடல, பேஸ் பக்கம் பாருங்க. கலெக்டரும் எமிட்டரும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ்னா சேச்சுரேஷன். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல 1 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த ஜங்ஷன் உள்ளுக்குள்ள அறுந்து போச்சு, டிரான்சிஸ்டரை மாத்துங்க.

கடைசியா, இதே வித்தை பெரிய ஆம்ப்ல எப்படி வருதுன்னு சொல்லிட்டு முடிச்சுக்கிறேன். பவர் ஆம்ப்ல அலையோட மேல் பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ் பாதியை இன்னொண்ணும் ஓட்டும். ரெண்டு பேஸுக்கும் நடுவுல 1.2, 1.3 வோல்ட் குடுத்து ரெண்டையும் லேசா விழிப்பாவே வெச்சிருக்கணும், இல்லன்னா கை மாறுற இடத்துல சத்தம் சிராய்க்கும். ஆனா சத்தமா பாட்டு ஓடி டிரான்சிஸ்டர் கொதிக்கிறப்போ அதே 1.3 வோல்ட் ரொம்ப ஜாஸ்தியாயிரும். அதனால பழைய ஆம்ப் ஒண்ணைத் திறந்தீங்கன்னா ஹீட்சிங்க்ல பெரிய டிரான்சிஸ்டர்களுக்கு நடுவுல, சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு குட்டி டிரான்சிஸ்டர் திருகி வெச்சிருக்கும். அது சூட்டை உணர்ந்து அந்த 1.3ஐ இறக்கிக்கிட்டே வரும். ரிப்பேர் பண்றப்போ அதைக் கழட்டி வயரோட தொங்க விட்டுட்டு மட்டும் பவர் போட்டுராதீங்க. ஹீட்சிங்க் கொதிக்கிறது அதுக்குத் தெரியாது, பெரிய டிரான்சிஸ்டர் ரெண்டும் போயிரும்.